நெருப்புக்குத் திருடினால் திருட்டில்லை

தோள்வரை உள்ளே போயிருந்தது கை. விரல் நுனியில் ஏதோ குத்தியது. இஸ்க்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முள்ளெலி குத்தினால் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் குத்தும். இது ஒரு இடத்தில்தான் குத்தியது. காட்டு ரோஜாக் கொடி. சீ என்று கையை வெளியே உருவினாள். சட்டைக் கை கிழிந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பூனை பிறாண்டினாற்போல் கோடு கோடாக ரத்தம்.

"இறங்குடி கீழ! இஸ்க்ரா! காதுல விழுதா இல்லையா?"

கீழே நின்று கத்தியவர் ராத்கோ. ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். பதினைந்து வருடத்தில் அவளிடம் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. இப்போது ஒரு கையில் டீசல் டப்பா, இன்னொரு கையில் தொப்பி. தொப்பியைத் தரையில் அடிக்காத குறை.

அவள் நின்றிருந்தது மேல்தெருவின் நெருப்புக் குவியல் மேல். ஊருக்கு மேலே, மொட்டைக் குன்றில், மூன்று வாரமாகப் பையன்கள் சேர்த்து அடுக்கியது. இரண்டு ஆள் உயரம். மேற்கே மலைக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம். சூரியன் அந்தப் பக்கம் இறங்கியதும் எதிர்மேட்டில் கீழ்த்தெருக்காரர்கள் தங்கள் குவியலுக்குத் தீ வைப்பார்கள். இவர்களும் வைக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அது. அன்றைய நெருப்பின் வெளிச்சம் எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அந்த நிலத்தில் அந்தக் கோடையில் ஆலங்கட்டி விழாது. அடுக்கிய குவியலிலிருந்து யாராவது குச்சியை உருவினால், உருவிய ஒவ்வொரு குச்சியும் ஒரு கல்லாகத் திரும்பி வரும். மேல்தெருவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

இஸ்க்ரா இதுவரை நாற்பது, ஐம்பது குச்சி உருவியிருப்பாள்.

"பாப்பா, கண்ணு." ராத்கோ குரலை மாற்றிப் பார்த்தார். "என்ன தொலைச்ச? போனா? மோதிரமா?"

"முள்ளெலி."

"என்னது?"

"முள்ளெலி, ஞானப்பா. உள்ள தூங்கிட்டிருக்கு. கொளுத்தாதீங்க."

குன்று முழுக்கச் சிரிப்பு. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாத் தட்டுகளும் அல்வாவும் அவித்த முட்டையுமாக மேலேறி வந்துகொண்டிருந்த பெண்கள்கூட நின்று சிரித்தார்கள்.

"அடப்பாவமே," என்றாள் ராத்கோவின் மனைவி தாஃபினா. "நான் ஏதோ காதல் கடுதாசியாக்கும்னு நினைச்சேன்."

"பேரு மட்டும் தீப்பொறி," என்றான் பின்னாலிருந்து ஒரு பையன். "நெருப்பு வைக்க விடமாட்டேங்குது பாரு!"

அவள் பெயருக்கு அதுதான் பொருள். சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுப் புளித்த கிண்டல். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். மறுபடி மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

உண்மையில் பயம் இந்தக் கூட்டத்தைப் பார்த்து இல்லை. பயம் தன்னை நினைத்துத்தான். அதைக் குவியலுக்குள் அனுப்பியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பரில், நடுப்பகலில், மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தது அது. பகலில் நடக்கிற முள்ளெலி ஒன்று பசியில் நடக்கும், இல்லையென்றால் சாகப்போகிற நோயில் நடக்கும். இஸ்க்ரா அதைத் தூக்கி, அம்மா ஜாமுக்குச் சர்க்கரை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தாள். இருநூற்றுத் தொண்ணூறு கிராம். அறுநூறு இல்லாமல் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகிற முள்ளெலி வசந்தத்தில் எழுந்திருக்காது. அம்மா தராசை வெந்நீரில் மூன்று தடவை கழுவினாள், நாலாவது தடவை மகளைக் கழுவச் சொன்னாள். "பாவம், குளுருது அதுக்கு" என்று அம்மா கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்தபோது இஸ்க்ரா பாய்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். பால் குடித்தால் வயிறு போய்ச் செத்துவிடும். பூனைத் தீனி வைத்தாள். அவித்த முட்டையை நசுக்கி வைத்தாள். அம்மாவின் புருவ இடுக்கியால் உண்ணி பிடுங்கினாள். அது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் செத்துப்போகும் என்று தோன்றியது. அண்ணன் திஹோமிர்தான் அதைச் "சீப்பு" என்பான். "உன் சீப்பு என்ன பண்ணுது? தலை வாரிடுச்சா?"

டிசம்பர் நடுவில் அறுநூற்று நாற்பது கிராம் வந்தது. கொட்டாயில் வைத்திருந்த அட்டைப் பெட்டியைச் சுரண்ட ஆரம்பித்தது. தூக்கத்துக்கு இடம் தேடுகிறது என்று புரிந்தது. தோட்டத்து மூலையில் செர்ரிப் பழம் அடுக்குகிற மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, கை நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் விட்டு, உள்ளே காய்ந்த இலையைத் திணித்து, மேலே கிளைகளைப் போட்டு மூடினாள். அவர்கள் வீட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் நீலப் பட்டை அடித்திருக்கும். சாயங்காலம் அதை வாசலில் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது. நன்றி கெட்ட ஜென்மம் என்று சிரித்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திஹோமிர் கூட்டாளிகளைக் கூட்டிவந்து காட்டுவான், அவர்கள் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். அது இன்னும் கொட்டாயில் இருக்கிறது என்றே வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். இது முதல் தப்பு.

பிப்ரவரியில் திராட்சைக் கொடி கழிக்கிற நாள் வந்தது. பக்கத்து வீட்டு நாய் மூலையைச் சுற்றிச் சுற்றி மோந்தது. வெட்டிப்போட்ட திராட்சைக் கொடிகளை அவளே கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து அந்த மூலைக் குவியலின் மேல் போட்டாள். எந்த நாயும் மூக்கை நுழைக்காதபடி போட்டாள். இது இரண்டாவது தப்பு. காய்ந்த திராட்சைக் கொடியைப் போலத் தீப்பிடிக்கிற சாமான் உலகத்தில் வேறு கிடையாது. நெருப்பு நாளுக்கு முந்தைய மூன்று வாரமும் பையன்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். வேலி, கூடை, உடைந்த வண்டிச்சக்கரம். நெருப்புக்குத் திருடினால் திருட்டில்லை. சொந்தக்காரர் ஜன்னலில் நின்று திட்டலாம். பின்னாலேயே போய்த் திருப்பிக் கேட்கக் கூடாது. ராத்கோ வீட்டுக் கக்கூஸ் கதவே போயிருந்தது.

இஸ்க்ரா வாரம் முழுக்க நகரத்தில், பள்ளி விடுதியில். சனிக்கிழமை இருட்டியபின் வந்து சேர்ந்தாள். ஞாயிறு மத்தியானம் முட்டை மீந்ததை எடுத்துக்கொண்டு தோட்டத்து மூலைக்குப் போனால், அங்கே ஒரு சதுரம். மற்ற இடமெல்லாம் பனி, அந்தச் சதுரம் மட்டும் கறுப்பு மண்.

ஓட ஆரம்பித்தவள் இங்கே வந்துதான் நின்றாள்.

"என்னடி பண்ற!"

திஹோமிர். பத்தொன்பது வயது. இந்த வருடம் குவியலுக்குத் தலைவன் அவன்தான். டிராக்டரில் கடைசி நடை முட்செடி கொண்டுவந்தவன் குதித்து இறங்கி ஓடி வந்தான். "எனக்கு மானம் போகுது. இறங்கு. கீழ்த்தெருக்காரனுங்க எதிர்ல நின்னு பாத்துட்டிருக்கானுங்க!"

"நம்ம தோட்டத்துக் குவியலை எங்க வெச்ச?"

"எந்தக் குவியல்?"

"மூலையில இருந்தது. திராட்சைக் கொடி."

"ஓ அதுவா. முதல் தரச் சாமான். அடியில தார்ப்பாயை விட்டு, அலுங்காம அப்படியே இழுத்துட்டு வந்தோம்." அவன் முகத்தில் பெருமைகூட வந்தது. "என்ன கனம் தெரியுமா, உள்ள ஏதோ பெட்டி..."

வாய் அப்படியே நின்றது.

"சீப்பு கொட்டாயில இல்லையா?" என்றான் மெதுவாக.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"ஏன்டி சொல்லல? லூசு! ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

அவன் அண்ணாந்து குவியலைப் பார்த்தான். பிறகு திரும்பி ராத்கோவைப் பார்த்தான்.

ராத்கோ கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். போன ஜூனில் பதினோரு நிமிடம் ஆலங்கட்டிக் கல் விழுந்தது. ஏணி சாத்தி வைத்தாயிற்று, பெட்டி அடுக்கி வைத்தாயிற்று, திங்கள்கிழமை பழம் பறிக்க ஆள் சொல்லியாயிற்று. சனிக்கிழமை விழுந்தது. ராத்கோ தோட்டத்தில் இலைகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு அவர் மரத்தடியில் உட்கார்ந்து, சிதைந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தமா சாறா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இஸ்க்ராவின் அப்பா தோட்டமும் அதே கதிதான். அப்பா அக்டோபரில் கான்கிரீட் வேலைக்கு வெளிநாடு போனார். வாரம் ஒருமுறை போனில் முகம் காட்டுவார்.

"பாப்பா," என்றார் ராத்கோ. "ஒரு எலி. ஒரே ஒரு எலி. இங்க முப்பது வீட்டுத் தோட்டம். உங்கப்பன் தோட்டமும் சேர்த்து. யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன்." அவளுக்கே கேட்காத குரல். இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். "யோசிச்சுட்டேன், ஞானப்பா! போன வருஷமும்தான் கொளுத்தினோம். இதைவிடப் பெருசு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வெளிச்சம் போச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன் விழுந்துச்சு?"

"யாரோ குச்சி உருவியிருக்கான்," என்றார் ராத்கோ, யோசிக்காமல்.

"யாரு?"

"யாரோ!"

"ஆலங்கட்டியைக் கலைக்க அரசாங்கம் மேகத்தைப் பாத்து ராக்கெட் விடுது. ராக்கெட்டுக்கே நிக்காத மேகம், உங்க வீட்டுக் கக்கூஸ் கதவுக்கு நிக்குமா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள். ராத்கோவின் காது சிவந்தது.

"அந்தக் கதவைப் பத்திப் பேசாதீங்க," என்றாள் தாஃபினா. "மூணு நாளா நான் மலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மலையும் என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

இந்தத் தடவை குன்றே சிரித்தது. ராத்கோ சிரிக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார். சூரியன் மலையைத் தொட்டிருந்தது.

"சரி. கேளு. இன்னைக்கு என்ன நாள்?"

"மன்னிப்பு நாள்."

"ஆங். நீ குழந்தை. தெரியாம ஏறிட்ட. இறங்கி வா. கையில முத்தம் குடுத்து, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் மன்னிச்சேன்னு மூணு தடவை சொல்லிடறேன். உருவினதையெல்லாம் திரும்பச் சொருகிடுவோம். ஆகாசத்துக்கும் தெரியாது, கீழ்த்தெருவுக்கும் தெரியாது."

அந்த நாளில் யார் வந்து கேட்டாலும் மன்னித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்கிற சொல்லே அன்றைக்குக் கிடையாது. வாய்க்கால் தகராறில் ஒன்பது வருடம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இதே குன்றில் இதே நாளில் கையைப் பிடித்துக்கொண்டதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

இஸ்க்ரா குவியலைப் பார்த்தாள். கிழக்கு, மேற்கு, மேல் என்று மூன்று பக்கமும் தோண்டியாயிற்று. நீலப் பட்டை எங்கும் இல்லை. இன்னும் பத்து நிமிடம்தான். பத்து நிமிடத்தில் ஒருத்தியால் இரண்டு ஆள் உயரத்தைப் பிரிக்க முடியாது. சறுக்கி இறங்கினாள்.

கடைசிக் கிளையில் திஹோமிர் கைகொடுத்தான். இழுத்து நிறுத்தும்போது அவன் வாய் அவள் காதருகே வந்தது. உதடு அசையாமல் சொன்னான்:

"வடக்கு. கதவுக்குக் கீழ. முட்டுக்கழி ரெண்டுதான்."

சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, சிகரெட் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டான்.

அவள் ராத்கோவின் முன்னால் போய் நின்றாள். அவர் கையை நீட்டினார். டீசல் நாற்றம். முத்தமிட்டாள்.

"மன்னிச்சிடுங்க, ஞானப்பா."

"மன்னிச்சேன், கடவுளும் மன்னிக்கட்டும்."

"மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சேன்."

"மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சேன், தாயி, மன்னிச்சேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்." அவர் அவள் தலையில் கை வைத்தார். கண்கூடக் கலங்கியிருந்தது அவருக்கு.

"அப்ப சரி," என்றாள் இஸ்க்ரா.

திரும்பினாள். ஓடினாள். வடக்குப் பக்கம், பனி இன்னும் உருகாத பக்கம், பச்சைப் பெயிண்ட் உரிந்த கக்கூஸ் கதவு சாய்ந்திருந்தது. அதைத் தாங்கி இரண்டு முட்டுக்கழி. முதல் கழியைத் தோளால் இடித்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை. பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது கழியைக் காலால் உதைத்தாள்.

கதவு மெல்லத் திறப்பதைப் போல் விழுந்தது. அதன் பின்னால் மேல்தெருவின் மூன்று வார உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு, கிளையும் கூடையும் வண்டிச்சக்கரமுமாக, பெருமூச்சு விட்டுக்கொண்டு சரிந்து இறங்கியது. எதிர்மேட்டிலிருந்து கீழ்த்தெருக்காரர்கள் ஓவென்று கத்துவது இங்கே கேட்டது. விசில் அடித்தார்கள்.

ராத்கோ கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அடித்திருப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் நகராமல் நின்றாள்.

"இப்பத்தான மன்னிச்சீங்க!" என்றாள்.

"என்னது?"

"எல்லாத்துக்கும்னு கேட்டேன். எல்லாத்துக்கும்னு சொன்னீங்க. இதுக்குத்தான் கேட்டேன்."

ஓங்கிய கை அங்கேயே நின்றது.

"மூணு தடவை சொன்னீங்க," என்றாள் தாஃபினா பின்னாலிருந்து. "நானே எண்ணினேன்." பிறகு, கொஞ்சம் தணிந்து, "வெளிய விழுந்துட்ட கதவை நான் எடுத்துக்கலாமா?"

"கூடாது!" என்று பத்துக் குரல் ஒரே நேரத்தில் சொன்னது.

இஸ்க்ரா அதற்குள் மண்டியிட்டிருந்தாள். திராட்சைக் கொடி. அவள் போட்ட அதே கட்டு, அவள் முடிந்த அதே சணல். அதைப் புரட்டினாள். இலை. ஈர இலை. அதற்குக் கீழே ஒரு மூலை நசுங்கிய மரப்பெட்டி. நீலப் பட்டை.

திஹோமிர் வந்து எதிரே மண்டியிட்டான். பெட்டியின் ஒரு பலகையைப் பெயர்த்தான். உள்ளே இலைப் பந்து. இலையை ஒவ்வொன்றாக விலக்கினால் நடுவில் அது, மூக்கையும் வயிற்றையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டதைப் போல், ஒரு முள் உருண்டை.

தொட்டாள். ஆற்றில் கிடக்கிற கல்லின் குளிர்.

"செத்துடுச்சு, பாவம்," என்றாள் எட்டிப் பார்த்த தாஃபினா. இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

"தெரியாது," என்றாள் இஸ்க்ரா. "தூங்கறதும் இப்படித்தான் இருக்கும்."

"தொட்டா சுருங்கும்னு சொன்னியே?" என்றான் திஹோமிர்.

ஆமாம். உயிரோடு தூங்குகிறது என்றால், தொடும்போது முள் இன்னும் கொஞ்சம் இறுகும். ஆனால் அவள் விரலெல்லாம் முட்செடி கிழித்து, குளிரில் மரத்துப் போயிருந்தது. இறுகியதா, இறுகவில்லையா? அந்த விரல்களால் சொல்ல முடியவில்லை.

"போனை எடு," என்றாள். "நிமிஷம் எண்ணு. சில சமயம் நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மூச்சுதான் விடும்."

அவன் போனை எடுத்தான். கூட்டம் கிட்டே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. டிராக்டரை யாரோ அணைத்தார்கள்.

"ஒண்ணு," என்றான்.

எதிர்மேட்டில் புகை எழுந்தது. பிறகு அந்தப் புகைக்குள் சிவப்பு. கீழ்த்தெரு கொளுத்திவிட்டது. ஆரவாரம் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்தது.

"ரெண்டு."

"வெச்சுட்டானுங்க," என்றது ஒரு குரல். "நாம?" ராத்கோ டப்பாவைக் கீழே வைத்திருந்தார்.

"மூணு."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கை முழுக்க மாவு. மகளின் கையைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அவள் கையைச் சுற்றக் குனிந்தவள், மகளின் பார்வையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நாலு," என்றான் திஹோமிர். "இஸ்கி, நான் வேணும்னு செய்யல."

"சும்மா இரு."

காற்று இல்லை. புல் அசையவில்லை. முள் அசைந்தது. பின்பக்கத்தில் தொடங்கி, கோதுமை வயலில் காற்று நடப்பதைப் போல, ஒரு வரிசை எழுந்து, முதுகைத் தாண்டி, அடங்கியது. மிகச் சன்னமாக ஒரு சீறல்.

"விட்டுச்சு!" திஹோமிர் எழுந்து குதித்தான். "மூச்சு விட்டுச்சு! பாத்தீங்களா?"

சிலர் பார்த்தார்கள். சிலர் பார்த்ததாகச் சொன்னார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இஸ்க்ராவுக்கு அதை எடுத்துக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளத் தோன்றியது. வைக்கவில்லை. சூடு பட்டால் எழுந்துவிடும். எழுந்தால் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் எரிந்துபோகும். ஏப்ரல்வரை மண்ணில் ஒரு புழு கிடையாது.

"கொட்டாய்க்குப் பின்னால, வடக்குச் சுவரோரம். வெயில் படாத இடம். இலையைக் கொட்டி மூடு," என்றாள் அண்ணனிடம். "நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாத. ஆட்டாத."

அவன் பெட்டியைத் தொட்டிலைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். குவியல் தலைவன், சரிந்த குவியலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவளும் பின்னால் கிளம்பினாள்.

"நீ இரு," என்றார் ராத்கோ.

இருந்தாள்.

சரிந்ததில் பாதியை அவசரமாகத் தூக்கிப் போட்டார்கள். அவளும் தூக்கிப் போட்டாள், யாரும் சொல்லாமலே. ராத்கோ பற்ற வைத்தார். வடக்குப் பக்கத்து ஈரம் புகைந்தது. நெருப்பு ஒரு ஆள் உயரத்துக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வருடா வருடம் பெண்கள் செய்வதைப் போல அம்மா சரிவில் இறங்கிப் போய், கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கையின் நிழல் தரையில் விழுகிற இடம்வரை வெளிச்சம் என்று கணக்கு. செர்ரி மரங்கள் தொடங்குகிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். அவர்கள் சொந்தத் தோட்டத்தின் முதல் வரிசைக்கு வெளியே.

"இங்க வரைக்கும்தான்!" என்று அங்கிருந்தே கத்தினாள். திரும்பி ஏறி வந்து மகள் பக்கத்தில் நின்றாள். "உங்கப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

"ஜூன்ல மேகம் கறுத்தா?"

"மரத்துக்கு நடுவுல போய் நிக்கிறேன். எல்லாக் கல்லும் என் தலையில விழட்டும்."

"வாயைப் பாரு," என்றாள் அம்மா. அவள் கையில் துணியைச் சுற்றினாள், தேவைக்கு மேல் இறுக்கி.

சுற்றிலும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிச்சிடுங்க, மன்னிச்சேன், மன்னிச்சிடு, மன்னிச்சேன். சின்னப் பிள்ளைகள் தணல் ஓரத்தில் தாண்டிக் குதித்தார்கள். ராத்கோ கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். கையை நீட்டவில்லை. பையில் வைத்திருந்தார். இஸ்க்ரா முந்திக்கொண்டாள்.

"நெருப்புக்குத் திருடினா திருட்டில்லன்னு நீங்கதான சொல்லுவீங்க. நெருப்புகிட்டேருந்து திருடினா மட்டும் திருட்டா? நான் மறுபடியும் கேட்கமாட்டேன், ஞானப்பா. நான் செஞ்சது தப்பில்ல."

"நான் உன்னைக் கேட்கச் சொல்லலையே," என்றார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "குடுத்துட்டேன். மூணு தடவை குடுத்துட்டேன். திரும்ப வாங்க எனக்கு வழியில்ல. நாளைக்கு நோன்பு ஆரம்பிக்குது, மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் நோன்புல உக்கார முடியாது. அதனால கேக்கறேன், நீ படிச்ச பிள்ளை."

கீழே, இருட்டத் தொடங்கிய தோட்டத்தில், திஹோமிரின் போன் வெளிச்சம் கொட்டாயைச் சுற்றி வடக்குச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

"செய்யறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கின மன்னிப்பு செல்லுமா, பாப்பா?"